கதவு நிலையில் இரண்டு கோடுகள்

போன வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். முன்பு எங்கள் பக்கத்து லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியிருந்த அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "தம்பி, தப்பா நினைக்காதே. உன் மக காலுக்குள்ளே மோட்டார் வச்சிருக்காங்களாமே. பேட்டரி எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 6 வருடத்துக்கு முன்னால் நானும் டாக்டரிடம் இதே கேள்வியைத்தான் கேட்டேன். இத்தனைக்கும் நான் ஃபிட்டர். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் 19 வருடமாக கியர்பாக்ஸும் பேரிங்கும் மாற்றுகிறவன். அக்காவுக்கு அங்கேயே நின்று விளக்க ஆரம்பித்தேன், அதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் மகன் படித்துக் காட்டுவான்.

பேட்டரி கிடையாது, அக்கா. வயரும் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு காந்தம், ஒரு கியர்பாக்ஸ், ஒரு திருகு. மின்சாரமெல்லாம் வெளியே, மருத்துவமனையில்தான். ஆனால் அதற்கு முன்னால் அந்தக் கால் எப்படி அந்த நிலைக்கு வந்தது என்று சொல்லியாக வேண்டும். பாதி உங்களுக்குத் தெரிந்த கதை.

2018-இல் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. வயது 9. பள்ளி விளையாட்டுப் போட்டியில் பச்சை இல்ல அணிக்காக 100 மீட்டர் ஓடி, நான்காம் ஆண்டுப் பிள்ளைகளையும் தாண்டி வந்தவள். அந்த வருடம் ஜூன் போல இடது முட்டிக்கு மேலே வலிக்கிறது என்றாள். ஓடுகிற பிள்ளை, எங்காவது இடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். தோட்டத்து மருந்தகத்தில் இருக்கிற டிரேசர் பார்த்துவிட்டு வளர்கிற வலி என்று பனடோல் கொடுத்தார். பின்வீட்டுத் தாத்தா நல்லெண்ணெய் காய்ச்சி வாரம் இரண்டு தடவை உருவிவிட்டார். அவர் கைக்கு எத்தனையோ சுளுக்கு போயிருக்கிறது, என் தோளும் உட்பட. இந்த முறை உருவின அன்று ராத்திரியெல்லாம் பிள்ளை அழுதாள். அப்புறம் டவுனில் சீனர் ஒருவரிடம் கறுப்பு மருந்துக் கட்டு. இப்படியே ஏழெட்டு வாரம் ஓடிவிட்டது. முட்டிக்கு மேலே பாதி எலுமிச்சம்பழம் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வீக்கம்.

அரசாங்க கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர், மலாய்க்காரப் பெண், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ராத்திரி தூக்கத்திலிருந்து வலி எழுப்புகிறதா? ஆமாம் என்றாள் என் மனைவி. அன்றைக்கே எக்ஸ்ரே. படத்தைப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. தொடை எலும்பின் கீழ்முனை ஓரம் வழவழப்பாக இல்லை. பழம் உதிர்த்த செம்பனைக் குலையின் முள் மாதிரி வெளிப்பக்கம் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

ஆஸ்டியோசார்கோமா. பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் வருகிற எலும்புப் புற்றுநோயில் இதுதான் அதிகம். அதுவும் பெரும்பாலும் முட்டியைச் சுற்றித்தான், தொடை எலும்பின் கீழ்முனையிலோ கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலோ வரும். எலும்பு வேகமாக வளர்கிற வயது, வேகமாக வளர்கிற இடம். தாத்தாவை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்தான் அதற்கப்புறம் யார் வந்தாலும், "முதல்ல படம் எடுத்துட்டு வா, பிறகு கை வைக்கிறேன்" என்று திருப்பி அனுப்பினார். கட்டி இருக்கிற இடத்தை உருவவே கூடாதாம். ஒரு பக்கம் மட்டும் வலி, ராத்திரி வலி, வீக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் எண்ணெயை எடுக்காதீர்கள், எக்ஸ்ரேக்குப் போங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. சதை எடுத்துச் சோதிப்பதைக்கூட கண்ட இடத்தில் செய்யக்கூடாது. ஊசி போன பாதையில் நோய் சிந்தியிருக்கலாம் என்பதால், பிறகு பெரிய அறுவையில் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுப்பார்கள். அதனால் அறுவை செய்யப் போகிறவரே எந்த இடத்தில் குத்துவது என்று முடிவு பண்ண வேண்டும். எங்களை நேராகக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். நெஞ்சுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள், இந்த நோய் முதலில் ஓடுவது நுரையீரலுக்குத்தான். அங்கே எதுவும் இல்லை. அந்த ஒரு தாளை மனைவி இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

கீமோவைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. மூன்று மருந்து. ஒன்று ரோஸ் சிரப் மாதிரி சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று தண்ணீர் நிறம். மஞ்சள் மருந்தை அளவுக்கு மேல் கொடுத்துவிட்டு, உயிரைக் காப்பாற்ற மணிக்கணக்குப் பார்த்து மாற்று மருந்து கொடுப்பார்கள். இரத்தத்தில் அது இறங்குகிற வரை வீட்டுக்கு விடமாட்டார்கள். தண்ணீர் நிற மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அறுவைக்கு முன் பத்து வாரம் போல, அறுவைக்குப் பின் மறுபடியும் பல மாதம். நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தி அவள் வாந்தி எடுக்காத பயணம் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. போதும்.

இப்போது காலுக்கு வருகிறேன்.

அறுவைக்கு மூன்று வாரம் முன்னால் டாக்டர் எங்களை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளில் எலும்பு வரைந்தார். எலும்பு நடுவில் வளர்வதில்லை, முனைக்குப் பக்கத்தில் இருக்கிற தட்டு ஒன்றில்தான் வளர்கிறது. தொடை எலும்புக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. ஆனால் நீளத்தில் 70 விழுக்காடு கீழ்த்தட்டுதான் தருகிறது, வருடத்துக்கு 1 சென்டிமீட்டர் போல. கட்டி உட்கார்ந்திருப்பது அதே இடத்தில். வெட்டினால் தட்டும் போய்விடும். பெண் பிள்ளைகள் 14 வயது வரை வளர்வார்கள் என்று கணக்கு. இவளுக்கு 9. அப்படியானால் வலது கால் வளர வளர இடது கால் 5 சென்டிமீட்டர் பின்தங்கும். பெரியவர்களுக்கு வைக்கிற மாதிரி அளவெடுத்து ஒரு உலோக மூட்டு வைத்துத் தைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று இவளுக்கு விட முடியாது.

மூன்று வழி சொன்னார். ஒன்று, தொடையோடு எடுத்துவிடுவது. இரண்டாவதைக் கேட்டு மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். கட்டி இருக்கிற நடுப்பகுதியை வெட்டிவிட்டு, கீழ்க்காலை அரை வட்டம் திருப்பி, பாதம் பின்னால் பார்க்கும்படி தொடையோடு பொருத்துவது. அப்போது கணுக்கால் முட்டியாக வேலை செய்யும். அதற்குக் கீழே செயற்கைக் கால் மாட்டிக்கொள்ளலாம். மகள் சிரித்தாள். "பின்னால பார்க்கிற காலுக்குச் செருப்பு எப்படிப் போடுறது?" என்றாள். மூன்றாவது, நீளக்கூடிய இரும்பு.

"எதுல ஓடலாம்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தே சொன்னார். திருப்பி வைக்கிற காலில் ஓடலாம், குதிக்கலாம், பந்து விளையாடலாம். இரும்பு வைத்தால் நடக்கலாம், சைக்கிள் விடலாம், நீந்தலாம். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. அடி விழுந்தால் உள்ளே தண்டு தளரும், உடையும்.

நாங்கள் மூன்றாவதைத்தான் எடுத்தோம். "நாங்கள்" என்றால் நானும் என் மனைவியும். கண்ணாடியில் பார்க்க இரண்டு கால் இருக்க வேண்டும், கல்யாணம் காட்சி என்று இருக்கிறது, லயத்தில் நாலு பேர் பார்ப்பார்கள், இதெல்லாம் எங்கள் தலைக்குள் ஓடியது. அவளிடம் யாரும் ஓட்டு கேட்கவில்லை. 13 வயதில் ஒரு நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே, "அன்னைக்கு நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?" என்றாள். கேட்டிருக்க மாட்டோம் என்றேன். சரி என்று சட்னியை இழுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சு எனக்குள் இன்னும் முடியவில்லை.

காசு விஷயம் சுருக்கமாக. புது மைவி கார் வாங்குகிற காசு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் மேலே. மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் ஒரு அம்மா எல்லாப் பாரங்களையும் நிரப்பித் தந்தார். ஆலையில் மூன்று ஷிப்டும் ஆளுக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தார்கள். கோயில் உண்டியல் ஒரு மாதம் எங்களுக்கு வந்தது. அக்கா, நீங்கள் போட்ட 50 வெள்ளியும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி கியர்பாக்ஸ். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

இந்த மாதிரி நீளும் மூட்டுகளை இங்கிலாந்தில் ஸ்டான்மோர் என்கிற இடத்தில் 1976-லேயே வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு தடவை நீட்டவும் மறுபடி மயக்கம் கொடுத்து, தோலைக் கிழித்து, உள்ளே சாவி போட்டுத் திருக வேண்டும். வளர்கிற பிள்ளைக்கு எத்தனை கிழிசல், எத்தனை தடவை கிருமி போக வழி, யோசித்துப் பாருங்கள். 2002-இல்தான் கத்தி வைக்காமல் வெளியிலிருந்தே நீட்டுகிற வகை வந்தது. மகளுக்கு வைத்தது அந்த வழியில் வேலை செய்கிற ஒன்று.

டாக்டர் விளக்கியதை நான் என் மொழியில் சொல்கிறேன். நம் ஆலை மோட்டாரைத் திறந்தால் வெளியே சுருள் கம்பி, நடுவில் சுற்றுகிற ரோட்டர். இங்கேயும் அதேதான், இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவு. சுருள் கம்பி ஒரு பெரிய வளையத்துக்குள் மருத்துவமனை மேசையில் இருக்கிறது. ரோட்டர், அதாவது அந்தக் காந்தம், அவள் தொடைக்குள் இருக்கிறது. காலை வளையத்துக்குள் விட்டு மின்சாரம் கொடுத்தால் காந்தப்புலம் சுற்றும், அதோடு உள்ளே காந்தமும் சுற்றும். நிமிடத்துக்கு 3000 சுற்று. 50 ஹெர்ட்ஸில் இரண்டு துருவ மோட்டார் என்ன வேகமோ அதே வேகம். கேட்டதும் எனக்கு ஏதோ சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் 3000 சுற்றில் எலும்பை நீட்ட முடியுமா? அதற்குத்தான் கியர். எங்கள் பிரஸ் மோட்டார் நிமிடத்துக்கு 1450 சுற்று ஓடும், பழத்தைப் பிழிகிற திருகு 12 சுற்று போல மெதுவாகத் திரும்பும். 120-க்கு 1. அந்த கியர்பாக்ஸைத் தூக்க செயின் பிளாக் வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். இவள் காலுக்குள் இருக்கிற கியர்பாக்ஸ் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குறைப்பு 13,061-க்கு 1. நான் திரும்பக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். காந்தம் 13,061 தடவை சுற்றினால் திருகு ஒரு தடவை திரும்பும், கால் 1 மில்லிமீட்டர் நீளும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 0.23 மில்லிமீட்டர். ஒரு மில்லிக்கு நாலு நிமிடத்துக்குச் சற்று மேலே. இவ்வளவு குறைத்திருப்பதால்தான் அந்தச் சின்னக் காந்தத்துக்குச் சதையையும் நரம்பையும் இழுத்துப் பிடிக்கிற பலம் கிடைக்கிறது. அவள் அந்தக் காலில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றாலும் திருகு பின்வாங்காது. நீட்டினது அதிகமாகி நரம்பு சுருக்கென்றால், புலத்தைத் திருப்பிச் சுற்றவிட்டுக் கொஞ்சம் குறைக்கவும் முடியும்.

கன்வேயரில் இரும்பு பொறுக்குகிற காந்தம் இருக்கிறதே, ஆலைக்கு அவள் வந்தால் கால் நீண்டுவிடுமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டார். சும்மா இருக்கிற காந்தத்துக்கு அது சுற்றாது, புலம் சுற்ற வேண்டும் என்றார். ஆனாலும் நான் அவளை அந்தப் பக்கம் விட்டதில்லை. எம்.ஆர்.ஐ. மட்டும் கண்டிப்பாகக் கூடாது. அதற்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், பள்ளிப் பையில் இருக்கும்.

2018 டிசம்பரில் அறுவை நடந்தது. முழுதாக ஒரு பகல். பிறகு எக்ஸ்ரேயைக் காட்டினார்கள். மேலே எலும்புக்குள் இறங்குகிற தண்டு, நடுவில் நீள்கிற குழல், கீழே கீல் போட்ட முட்டி. கீழ்க்கால் எலும்புக்குள் போகிற தண்டை மட்டும் சிமெண்ட் வைத்து ஒட்டவில்லை, வழவழவென்று விட்டிருந்தார்கள். ஏன் என்றால், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையிலும் ஒரு வளர்ச்சித் தட்டு இருக்கிறது. ஒட்டிவிட்டால் அதுவும் நின்றுவிடும். வழுக்கும்படி விட்டால் தண்டைச் சுற்றி எலும்பு தன்பாட்டுக்கு வளரும். இதை யோசித்தவனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. டைட்டானியம், கோபால்ட் என்று என்னென்னவோ பெயர். எங்கள் வீட்டில் அது இரும்புதான்.

முதல் தடவை நீட்டியது அடுத்த வருடம், கீமோ எல்லாம் முடிந்து, தலையில் முடி அரை அங்குலம் முளைத்த பிறகு. காலை ரயிலில் போனோம். மயக்கம் இல்லை, ஊசி இல்லை. அவள் கட்டிலில் படுத்து காலை வளையத்துக்குள் விட்டுக்கொண்டு கைப்பேசியில் கார்ட்டூன் பார்த்தாள். 4 மில்லி, 17 நிமிடம். நடுவில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைத் தொடையில் வைத்துக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்திருப்பார் போல. "நீங்களும் கேட்கிறீர்களா?" என்று நீட்டினார்.

ஆலையில் பேரிங் போய்விட்டதா என்று பார்க்க, நீளமான ஸ்குரூடிரைவரை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்போம். நல்ல பேரிங் ஒரே சீராக முனகும். தேய்ந்தது கரகரக்கும். 19 வருடப் பழக்கம். மகளுடைய தொடைக்குள்ளேயிருந்து வந்தது சீரான, மெல்லிய, கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். கரகரப்பு இல்லை. "நல்லா இருக்கு டாக்டர்" என்றேன், நானே ரிப்பேர் பார்த்தவன் மாதிரி. வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவிக்கொண்டேன்.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும்போது இனிக் கவலை இல்லை என்று நினைத்தேன். ஃபிட்டர் புத்தி. ஷாஃப்ட் நீண்டுவிட்டது, வேலை முடிந்தது.

இரும்பு 17 நிமிடத்தில் நீளும். பின்தொடைச் சதைக்கு அது தெரியாது. மறுநாள் காலை முட்டி மடங்கவே மாட்டேன் என்றது. முந்தின வாரம் 90 பாகை மடங்கிய முட்டி 60-இல் நின்றது. ஒவ்வொரு முறையும் இப்படித்தான். 4 மில்லி கூட்டினால் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம், காலையும் ராத்திரியும் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துக் காலைத் தொங்கவிட்டு, நல்ல காலால் அதை உள்ளே தள்ள வேண்டும். ஈப்போவில் பயிற்சி கொடுக்கிற பெண், எங்கள் ஆள்தான், தஞ்சோங் ரம்புத்தான்காரி, ரொம்பக் கறார். "அங்கிள், நீங்க பாவம் பார்த்தீங்கன்னா முட்டி பாவம் பார்க்காது" என்பாள். என் மனைவி பாவம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதனால் ராத்திரிப் பயிற்சி நேரத்தில் என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

முட்டி 90-க்கு மேல் மடங்காவிட்டால் தமிழ் வீட்டில் எத்தனை விஷயம் நடக்காது என்று அப்போதுதான் தெரிந்தது. லயத்துக் கழிவறை குத்துக்காலிட்டு உட்காருகிற வகை. முதல் வேலையாக இருக்கை வைத்துக் கட்டினேன். சம்மணம் போட முடியாது, பள்ளியில் சபைகூடலுக்கு எல்லாரும் தரையில் உட்கார்ந்தால் இவளுக்கு மட்டும் பின்னால் ஒரு நாற்காலி. கோயிலில் பந்தியில் உட்கார முடியாது. காது குத்து வீட்டில் ஒரு பாட்டி, "நல்லாத்தானே நடக்கிறே, கீழே உட்கார்ந்தா என்ன?" என்று அதட்டிவிட்டார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் வினை. இரண்டு கால் தெரிகிறதல்லவா, சரியாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பள்ளியில் யாராவது தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கிடந்து தவித்தது அவர்களுக்குத் தெரியாது. லேசாகக் காய்ச்சல் வந்தாலும், சொத்தைப் பல் வலித்தாலும் எங்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும். கிருமி இரும்பில் போய் ஒட்டினால் லேசில் விடாது, முழுதையும் கழற்றும்படி ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கோடு போடுகிற பழக்கம் அந்த நாளில்தான் வந்தது. மருத்துவமனையில் கால் வித்தியாசத்தைப் பார்க்க எக்ஸ்ரே எடுப்பார்கள், பாதத்துக்கடியில் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக வைத்து இடுப்பு சமமாகிறதா என்றும் பார்ப்பார்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவைதான். எனக்கு அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. சமையலறைக் கதவு நிலையில் அவளை நிறுத்தி, வலது காலில் முழுப் பாரத்தையும் போட்டு நிமிரச் சொல்லி உச்சந்தலையில் ஒரு கோடு. பிறகு இடது காலில் நிற்கச் சொல்லி இன்னொரு கோடு. நடுவில் உள்ள இடைவெளியை பட்டறை இரும்பு ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதுவேன். ஒரு தடவை என் கதவு 10 என்றது, அவர்கள் எக்ஸ்ரே 9 என்றது. டாக்டர் அதற்கப்புறம் என்னிடம் முதலில் கேட்பார்: "கதவு என்ன சொல்கிறது?"

2020 மார்ச் 18-இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த வாரம் எங்கள் முறை. தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவை. பெண் பிள்ளை 11 வயதை நெருங்கும்போது எப்படி வளர்வாள் என்று தெரியாதா? கதவில் இடைவெளி 8, 10, 12 என்று ஏறிக்கொண்டே போனது. அவள் ஒரு பக்கம் சாய்ந்து நடக்க ஆரம்பித்தாள், இடுப்பு வலி என்றாள். கடைகள் எல்லாம் அடைப்பு, செருப்பு உயர்த்திக் கொடுக்க ஆள் இல்லை. ஆலை மட்டும் ஓடியது. பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன், சரியாக 10 மில்லி தடிப்பு. இடது செருப்பின் அடியைப் படியாக வைத்து வெட்டி, பசை போட்டு, மேலே கல்லைத் தூக்கி வைத்து ஒரு ராத்திரி விட்டேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஆனால் இடுப்பு வலி நின்றது. எங்கள் அப்பா கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர், உயிரோடு இருந்திருந்தால் ரப்பரின் மகிமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார். பிறகு போலீஸ் நிலையத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு, ஆளே இல்லாத நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போனோம். அன்றைக்கு 5 மில்லி. ஒரே தடவையில் மொத்தத்தையும் நீட்டிவிடக் கூடாதா என்று கேட்டேன். நரம்பு தாங்காது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி.

மொத்தம் 11 தடவை, 47 மில்லிமீட்டர். கடைசியாக நீட்டியது போன வருடம் ஜூலையில். இப்போது அவளுக்கு 15, படிவம் 3. வலது காலும் வளர்வதை நிறுத்திவிட்டது என்று எக்ஸ்ரேயில் தெரிகிறது. திருகில் இன்னும் நீளம் மிச்சம் இருக்கிறது, வேண்டியதில்லை. வாழ்நாள் முழுதும் இதே இரும்பு தாங்காது, பெரியவர்களுக்கு வைக்கிற உறுதியான ஒன்றாக என்றைக்காவது மாற்ற வேண்டும், அதுவும் பெரிய அறுவைதான். நுரையீரல் படம் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறோம், முன்னைவிட இடைவெளி விட்டு. விளையாட்டுப் போட்டி நாளில் அவள் பள்ளிக்குப் போவதில்லை. நாங்களும் கேட்பதில்லை.

போன மாதம் லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், அக்கா, உங்கள் வீட்டு வரிசையை முன்பே இடித்துவிட்டார்கள் இல்லையா, இப்போது எங்கள் வரிசையும். டவுன் பக்கம் தாமானில், அதாவது புதுக் குடியிருப்புப் பகுதியில், ஒரு வீடு பார்த்துப் போய்விட்டோம். சாமான் ஏற்றுகிற அன்று லாரிக்காரன் காத்திருக்க, நான் கடப்பாரையால் அந்தக் கதவு நிலைப் பலகையைப் பெயர்த்தேன். தோட்டத்து அலுவலகக் கிராணி எட்டிப் பார்த்து, "மரம் தோட்டத்து மரம்" என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இந்த ஒரு பக்கம் போதும் என்றேன். கோடுகளைப் பார்த்தார், போய்விட்டார்.

புது வீட்டில் நிறுத்திப் பார்த்தால் பலகை ஆடியது. அடிப்பக்கம் கரையான் அரித்துப் பொடியாக்கியிருந்தது. நல்ல மரம் வருகிற இடம் வரை அறுத்து மட்டம் பண்ணினேன், 18 மில்லி போயிற்று. மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அஞ்சு வருஷக் கணக்கு, எல்லாம் தப்பாப் போச்சே."

மகள் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றபடியே சொன்னாள். "தப்பாகலைம்மா. எல்லாக் கோடும் ஒண்ணாத்தான் இறங்கியிருக்கு. நடுவுல உள்ளது அப்படியேதான் இருக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, வலது காலில் பாரத்தைப் போட்டு நிமிர்ந்தாள். "சரி, போடுங்க."

பென்சிலைச் சீவிக்கொண்டு வரச் சொன்னேன். இப்போது இடைவெளி 2 மில்லிதான், முனை மொட்டையாக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றாகத் தெரியும்.